குண்டெழுத்தில் ஓர் எச்சரிக்கை

பிஸ்கட் ஆலையில், மாவு பிசையும் இயந்திரத்தில் கை மாட்டி, என் தங்கை வீட்டுக்காரருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன என்று போன் வந்தபோது போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அழவில்லை. பேயறைந்தவள் மாதிரி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மெஷின் மேல இருக்கிற போர்டு என்னோட எழுத்து."

அவள் அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பக்கம் கட்டுகிறவள். கை சும்மா இருக்காது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுத்து வரைவாள். அப்படிப் பிறந்ததுதான் அவளுடைய குண்டெழுத்து. 'க'வுக்குத் தொப்பை, 'ழ'வுக்குச் சுருண்ட வால், புள்ளி ஒவ்வொன்றும் ஊதின பலூன். ஓர் எழுத்தாவது நேராக நிற்காது. அதை எழுத்துருவாக்கிக் கணினியில் ஏற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்தாள். ஐஸ்கிரீம் வண்டி, குழந்தைகள் துணிக்கடை, முடிவெட்டும் கடை என்று ஊரெல்லாம் அது துள்ளியது. என்னோடு பஸ்ஸில் வந்தால் ஒவ்வொரு போர்டாகக் காட்டிக்கொண்டே வருவாள். பெற்ற பிள்ளை பரிசு வாங்கின பூரிப்பு. நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான்.

மாப்பிள்ளையின் பெருமையைக் கேட்கவே வேண்டாம். ஆலையின் சாப்பாட்டு அறை, கைகழுவும் இடம், பிறந்தநாள் வாழ்த்து, எல்லாவற்றிலும் மனைவியின் எழுத்தைத்தான் ஒட்டுவார். இயந்திரத்தின் மேலிருந்த சிவப்பு எச்சரிக்கைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்தபோது அதற்கும் அவளையே கேட்டார். அவளும் ஆசை ஆசையாக அச்சடித்துக் கொடுத்தாள்: 'ஓடும்போது தொடாதே.' யாருக்கும் உறைக்கவில்லை. மேற்பார்வையாளர்கூடச் சிரித்துக்கொண்டேதான் அதை மாட்டினாராம்.

ஆஸ்பத்திரிக்குள்ளே, மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். ஓரத்தில் ஒட்டிய மாவைத் தள்ளிவிடப் போனாராம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செய்கிற வேலை அது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண் எங்கே போயிருந்தது, போர்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"பாத்தேன்க்கா. இவ எழுத்து அதட்டுனா எனக்கு எங்க பயம் வருது? சிரிப்புதான் வருது."

தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார், பாவி மனுஷன். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து என் பையில் பேனா இருக்கிறதா என்று கேட்டாள். காலி மருந்துப் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் உட்புறத்தில் அதே சொற்களை எழுதினாள். தொப்பை இல்லை, வால் இல்லை. தடிப்பாக, விறைப்பாக, நேராக நின்றன. அவள் கையிலிருந்து அப்படி ஓர் எழுத்து வந்து நான் பார்த்ததே இல்லை. அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. படித்துவிட்டு, நல்ல கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.