பெற்றோல் காசு

மகள் தனுஜா குவைத்துக்கு வேலைக்குப் போனது 2023 பெப்ரவரி பதினாறாம் திகதி, வியாழக்கிழமை. விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பிப் பார்த்தாளா என்று கறுப்பையாவுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அந்த நேரம் பார்த்து, காரோட்டிவந்த ஹபீல் நானா தோளில் கை வைத்து, "வாங்கண்ணே, நீங்க நிண்டு பாத்தா புள்ளைக்கும் அழுக வரும்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கறுப்பையா பன்வில தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்ந்தவர். மனைவி இல்லை, ஒரே மகள். லயத்து வீட்டுக்குப் பின்னால் துண்டு நிலத்தில் போஞ்சிக்காய் போட்டு, செவ்வாயும் வெள்ளியும் திகனயில் ஹபீலின் கடைக்குக் கொண்டுபோவார். கடையில் ஹபீல் தரும் ஒரு பிளேன்டீயைக் குடித்தால் மறுதடவை ஹபீலின் மனைவி கைரியாவுக்கென்று ஒரு கை பச்சைமிளகாய் தனியாக வரும். சின்ன வயதில் ஒரு கடைக்காரன் அவருடைய அப்பாவைப் பார்த்து, "தோட்டத்தானுக்கு எல்லாம் ஓசியில வேணும்" என்று சொன்னதைக் கேட்டவர் அவர். அன்றிலிருந்து யாரிடமும் எதையும் சும்மா வாங்கியதில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் வருமுன்பே காசை நீட்டிக்கொண்டிருப்பார்.

ஹபீலின் சாம்பல் நிறச் சின்னக் கார் கைரியாவுக்காக வாங்கியது. வாரத்தில் இரண்டு நாள் அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போக வேண்டும். வியாழக்கிழமை அதற்குரிய நாள் இல்லை என்பதால்தான் தனுஜாவுக்குக் கார் கிடைத்தது.

"பெற்றோலுக்காச்சும் வாங்கிக்கங்க நானா."

"என்ட மகள் போறா எண்டு நெனச்சுத்தான் ஓட்டுறன். காச உள்ள வைங்க."

போகும் வழியில் வறக்காப்பொலயில் ஹபீல் தேத்தண்ணிக்கு இறங்கியபோது, கறுப்பையா ஐயாயிரம் ரூபாய்த் தாளை மடித்து, முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியில் காகிதங்களுக்கு அடியில் வைத்துவிட்டார். தனுஜா பார்த்துச் சிரித்தாள். "ஒங்களால சும்மா ஒக்காந்து வரவே முடியாதாப்பா?"

திரும்பி வரும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் மழை. வளைவொன்றில் சறுக்கிய கார் மலைப்பக்கக் கல்லில் போய் மோதி நின்றது. கறுப்பையாவுக்கு நெற்றியில் ஒரு கீறல், ஹபீலுக்கு அதுவும் இல்லை. பாதையை அடைத்துக்கொண்டு நிற்காதே என்று பொலிஸ் அவசரப்படுத்தியது. யார் கூப்பிட்டதோ, கார் இழுக்கிற லொறி ஒன்று வந்துவிட்டது. கூலி என்னவென்று ஹபீல் கேட்பதற்குள் கொக்கியை மாட்டிவிட்டார்கள்.

ஹபீல் லொறிக்காரனோடு வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான், சேதத்தைப் பார்க்கக் காப்புறுதி நிறுவனம் அனுப்பிய இளைஞன் கறுப்பையாவிடம் வந்தான்.

"காரோட்டினவர் ஒங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க மாத்தயா, பழக்கம்."

அவன் கறுப்பையாவின் சேர்ட்டையும் செருப்பையும் ஒரு தடவை பார்த்தான். "அப்ப எயார்போட் வரைக்கும் சும்மாவா கூட்டிட்டுப் போனாரு?"

"சும்மா போகலீங்க. காசு குடுத்துட்டுத்தான் போனோம்."

அவன் எழுதினான். கறுப்பையா கையெழுத்து வைத்தார். தலை நிமிர்ந்துதான் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஹபீலுக்குக் கடிதம் வந்தது. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனம் கூலிக்கு ஓடியிருக்கிறது. விசாரணை முடியும்வரை இழுத்த கூலியும் தரமுடியாது, திருத்தவும் கூடாது. கடிதத்தோடு ஹபீல் பன்விலவுக்கே வந்துவிட்டார். காரில் காசை ஒளித்துவைத்ததையும் அந்த இளைஞனிடம் சொன்னதையும் கறுப்பையா சொன்னபோது, ஹபீல் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் சேர்ந்து கண்டி அலுவலகத்துக்கு ஐந்து முறை போனார்கள்.

"நான் ஒரு சதம் தொடல்ல சேர். காசு இன்னும் கார்லதான் இரிக்கி, போய்ப் பாருங்க."

"நான்தாங்க ஒளிச்சு வச்சேன்" என்றார் கறுப்பையா.

அதிகாரி கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்குச் சொன்னதும் நீங்கதான் ஐயா, இன்னைக்குச் சொல்றதும் நீங்கதான். நாங்க எத நம்புறது? விசாரணை அறிக்கை வரட்டும்."

பேராதனைக்குப் பக்கத்தில் லொறிக்காரர்கள் கொண்டுபோய் விட்டிருந்த யார்டுக்கு, காரைப் பார்க்கக் காப்புறுதியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கே ஒவ்வொரு நாளைக்கும் வாடகை ஏறியது. இழுத்த கூலியும் வாடகையும் தீரும்வரை அந்த யார்ட் முதலாளி கதவைத் தொடவிடவில்லை. கதவு இடுக்குகளில் பாசி படர்ந்தது. ஓகஸ்ட் மாதம் கணக்குப் பார்த்தபோது, உடைந்த காரின் பெறுமதியைவிட வாடகை அதிகமாயிருந்தது. ஹபீல் காரை முதலாளிக்கே எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் சாமான்களை எடுக்க விட்டார்கள். கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணிமாலை, கைரியா முதுகுக்கு வைக்கும் தலையணை. முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து காகிதங்களை வாரியபோது அடியில் அந்தத் தாள், ஈரத்தில் ஊறி, மடிப்புக் கலையாமல் இருந்தது. ஹபீல் அதை எடுத்தார். பிறகு கறுப்பையாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"ஒங்கட காசு அண்ணே."

ஏசியிருந்தால் கறுப்பையா தாங்கியிருப்பார். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு டிக்கட்டையும் ஹபீலே எடுத்தார். கறுப்பையா மூடிய விரல்களைத் திறக்கவில்லை.

அதற்குப் பின் அவர் திகனப் பக்கம் போகவில்லை. போஞ்சியை வத்தேகமயில் கொடுத்தார், விலை குறைவுதான். ஒருநாள் வேறு வேலையாகக் கண்டிக்குப் போனபோது, ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் தரிப்பில் கைரியா நின்றதைக் கண்டார். கால்கள் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தன. வந்த பஸ்ஸில் இடமில்லை, அடுத்ததிலும் இல்லை. கறுப்பையா எதிர்க்கடை ஒன்றுக்குள் நுழைந்து, அவள் போகும்வரை எதையும் வாங்காமல் நின்றார்.

குவைத்திலிருந்து மகள் கோல் எடுக்கும்போதெல்லாம், நானா வீட்டில் எல்லோரும் நல்ல சுகம் என்றே சொல்லிவந்தார்.

2025 மார்ச்சில் ஒரு காலை, போஞ்சிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தபோது ஃபோனில் தனுஜாவின் குரல்பதிவு வந்திருந்தது. மண் கையாலேயே அழுத்திக் கேட்டார்.

"அப்பா, டிக்கட் போட்டுட்டாங்க, இருவத்தெட்டாந் தேதி வந்துருவேன். வேன் ஒண்ணும் பேசாதீங்க, ஹபீல் நானாவோட கார்லயே வாங்க. சீட்டுக்குப் போட நல்ல கவர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், சாம்பல் கலருக்குப் பொருந்துற மாதிரி. இந்தவாட்டி பெற்றோல் காசு நான் குடுப்பேன். நீங்க ஒளிச்சு கிளிச்சு வைக்காம, சும்மா ஒக்காந்து வாங்கப்பா."