தேசப்பன் கொடுத்த இறகு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான்... ஆனால் பெற்ற மகளிடம்.

நித்யாவை உங்களுக்குத் தெரியும். அவள் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தபோது இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஜெர்மனிக்கு விமானம் ஏறியபோதும் எழுதினேன். அவள் அம்மா கண்ணை மூடியபோது மட்டும் எழுதவில்லை. அன்றிலிருந்து காலடிப்பேட்டை வீட்டில் நானும் சீலிங் ஃபேனும்தான். ஒரு ஆளுக்கு மட்டும் ரசம் வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எப்படி வைத்தாலும் மூன்று பேருக்கு வந்துவிடுகிறது.

நித்யா அங்கே மரபணு ஆராய்ச்சி செய்கிறாள். இப்போது கையில் எடுத்திருப்பது புறா. ஒரு உயிரினத்தின் ஜீனோமை முழுசாகப் படித்தால், தலைமுறை தலைமுறையாக அதில் எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாமாம். எப்படி என்று கேட்டேன்.

"சாதாரணமா ஒரு புறாவுக்கும் இன்னொரு புறாவுக்கும் மரபணுல அங்கங்க வித்தியாசம் இருக்கும்பா. ஆனா ஒரே குணத்தையே பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தா, அந்த இடத்தைச் சுத்தி மட்டும் எல்லாப் புறாவும் ஒரே மாதிரி ஆயிடும். வித்தியாசத்தையே துடைச்சுப் போட்ட மாதிரி. அதான் தடயம்."

மனிதன் தேர்ந்தெடுத்தாலும், பருந்துக்குத் தப்பியது மட்டும் பிழைத்தாலும் தடயம் ஏறக்குறைய அதேதானாம். அதனால் பந்தயப் புறா, தெருப் புறா, இரண்டின் இறகும் வேண்டும். உதிர்ந்தது சரிப்படாது, வேரோடு பிடுங்கியதுதான் ஆகும்.

"தேசப்பன் அங்கிள்கிட்ட கேளுங்கப்பா. அவர் குடுத்தா பெங்களூர்ல எங்களோட சேர்ந்து வேலை செய்யற லேபுக்கு அனுப்பிடுங்க. கஷ்டம்னா பிப்ரவரில நானே வந்து எடுத்துக்கறேன்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அவளை நேரில் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

ஞாயிறு காலையில் தண்டையார்பேட்டைக்குப் போனேன். தேசப்பன் என் பழைய சிநேகிதர், ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். மொட்டை மாடி முழுக்க ஹோமர் புறாக்கள். ஓங்கோலில் கொண்டுபோய்ப் பறக்கவிட்டால் தானாகத் தண்டையார்பேட்டைக்கு வந்து சேரும் ஜாதி.

"இன்னா சார், றெக்க தானே? பாப்பா கேட்டா புறாவையே குடுப்பேன்!" என்றவர், ஒவ்வொன்றாகப் பிடித்து மார்பிலிருந்து இரண்டிரண்டு இறகு பிடுங்கிக் கவரில் போட்டார். நான் போனில் சொல்லியிருந்ததால் முந்தின நாளே இரண்டு தெருப் புறாவையும் பிடித்து வைத்திருந்தார். அவர் மனைவி செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூலையில் தனிக் கூண்டில் ஒரு வெள்ளைப் புறா. நல்ல அழகு. இதில் எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"அது வாணாம் சார். ரேஸுல வுட்டா நடுவுல எங்கியோ எறங்கிட்டு, ரெண்டு நாளு கயிச்சு வருது. அத்த ஜோடி போட மாட்டேன், யாருக்காவது குட்த்துடுவேன். அயகு, ஸ்பீடு எல்லாம் அப்பால... வூட்ட நெனச்சுகினு நேரா வருது பாரு, அதுங்கிட்டதான் குஞ்சு எடுக்கணும். எங்க நைனா காலத்துலேர்ந்து அதான்."

அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். "பாப்பா எப்ப சார் வருது?"

வரும் என்றேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி அரை மணி நேரம் நின்றுவிட்டது. யோசிக்க வேறு என்ன வேண்டும்? தேசப்பன் காலமெல்லாம் ஒரே குணத்தைத் தேர்ந்தெடுத்தார். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்?

மகள் ஹாஸ்டலுக்குப் போனாள் — தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போனாள் — ஸ்வீட். ஜெர்மனிக்கு இன்னும் பெரிய டப்பா. நடுவில் ஒரே ஒரு தடவை, பெங்களூர் வேலை பிடிக்கவில்லை என்று பெட்டியோடு வந்து நின்றாள். அவள் அம்மா ஓடிப்போய் தோசைக்கல்லைப் போட்டாள். நான்? அவள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "அடுத்து எங்கே அப்ளை பண்ணப் போறே?" என்றேன்.

நான் மட்டுமா? தெருவே அப்படித்தான். துபாய் போனவனை மெச்சினோம். வீட்டோடு இருந்தவனைத் தண்டச்சோறு என்றோம். இன்று எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு கிழம், வாசலில் ஒரு கேமரா.

மத்தியானம் நித்யா கூப்பிட்டாள். கவர் என் மடியில்தான் இருந்தது.

"தேசப்பன் தர மாட்டேங்கறார்மா. நீயே நேர்ல வந்து கேட்டாதான் தருவாராம்."



"அப்பா... ஆன்ட்டி காலையிலேயே எனக்கு வீடியோ அனுப்பிட்டாங்க. அங்கிள் இறகு எடுக்கறது, நீங்க கவரை வாங்கிக்கறது, எல்லாம்."

வாரா வாரம் பக்கம் நிரப்புகிற ஆள் நான், கவரை மடியிலிருந்து எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"வான்னு ஒரு தடவை சொல்லியிருந்தா வந்திருப்பேனேப்பா. இதுவரைக்கும் நீங்க சொன்னதே இல்லையே?"

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சும்மா சொன்னேம்மா. லீவு கீவு போட்டு வேலையைக் கெடுத்துக்காதே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை கூரியர் ஆபீஸுக்குப் போய் பெங்களூர் முகவரி எழுதிக் கவரை நீட்டினேன். எப்போது போய்ச் சேர வேண்டும் என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்றேன்.

என்ன செய்வது... அனுப்பிவைக்க மட்டும்தான் எனக்குத் தெரியும்.