சீட்டில் எழுதாத எடை

ஒரு ரூபாய் நாணயத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கவிழ்த்த படகின் அடிவயிற்றை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டு போகிறது வலது கை. பின்னாலேயே இடது கை வந்து சாக்கட்டியால் புள்ளி வைக்கிறது. நல்ல ஃபைபரில் நாணயம் கணீரென்று பேசும். விரிசலுக்கு இரண்டடி தள்ளி, அடிபடாத இடத்திலும், ஈரச் சாக்கைத் தட்டியதுபோல அமுங்கிய சத்தம்.

"ஏனுங்க அம்மணி, காசு செல்லுமான்னு பாக்கறீங்களா?" என்றார் கிருபாசங்கர், அந்தக் குளத்துப் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவர்.

"காசு நல்ல காசுதானுங்க. படகோட சத்தந்தான் சரியில்லை."

அன்புச்செல்விக்கு ஐம்பத்தேழு வயது. விபத்தில் கெட்ட பொருளைப் பார்த்து, எப்படிக் கெட்டது, பொறுப்பு யாருடையது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர். கிரேனுக்கு இன்சூரன்ஸ் கொடுத்திருந்த கம்பெனிதான் அவரை அனுப்பியிருந்தது. நடந்தது இவ்வளவுதான்: பெருந்துறையில் பழுது பார்த்த இருபது பேர் படகு லாரியில் வந்தது. கிரேன் அதைத் தூக்கி, கையை நீட்டித் தண்ணீருக்கு மேலே கொண்டுபோகும்போது கிரேனின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஓட்டுநர் ராசப்பன் படகைக் கரைப்பக்கம் திருப்பி வேகமாக இறக்கினார். கல்படியில் மோதிப் படகு பிளந்தது.

"தூங்கிட்டே ஓட்டுனா அப்படித்தான். படகுக்கு இவனுக பதில் சொல்லோணும்" என்பது கிருபாசங்கரின் வாக்குமூலம்.

இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டிய ராசப்பனை, ரிப்போர்ட் வரும்வரை கேபினில் ஏற வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தப்பு அவருடையது என்று வந்தால் அப்புறம் ஏறவே வேண்டியதில்லை. இப்போது மற்ற வண்டிகளுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருக்கிறார். "கீழ நின்னு பாத்தா வண்டி ரொம்பப் பெருசாத் தெரியுதுங்க அம்மணி" என்றார்.

படம் எடுத்து அனுப்பினாலே போதும், நேரில் போக வேண்டியதில்லை என்று கம்பெனி சொல்லும் காலம் இது. அன்புச்செல்வி போவார். முப்பது வருடமாகப் போய்ப் போய், மற்றவர்களுக்கு ஊர்களாக இருப்பவை அவருக்கு விபத்துகளாகிவிட்டன. கருமத்தம்பட்டி என்றால் எரிந்த தறிக்கூடமும், ஒரு வாரம் சேலையை விட்டுப் போகாத கருகிய நூல் வாசமும். வால்பாறை என்றால் கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து கிடந்த தேயிலை லாரி. அவருடைய முதல் சர்வே அது. அப்பா கொழுந்து சுமந்த எஸ்டேட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் அந்த வளைவு. முப்பத்தாறு படம் மட்டுமே எடுக்கும் கேமராவுடன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மூடுபனி. உடைந்த லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் தூக்குப்போசியைத் திறந்து, "மொதல்ல சாப்புடு கண்ணு, வண்டி எங்கயும் போயிராது" என்று புளிச்சோறு நீட்டினார். அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்றில் லாரியே இல்லை. அந்தத் தூக்குப்போசி மட்டும் இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பாத ஒரே படம். சாய்ந்த லாரியின் நம்பர் மறந்துபோயிற்று. சோற்றில் கிடந்த வறுத்த நிலக்கடலை மறக்கவில்லை. இன்றும் மலைப்பாதையில் பஸ் அந்த வளைவைத் திரும்பும்போது நாக்கில் புளிப்பு வருகிறது.

சாக்கட்டிப் புள்ளிகள் படகின் பாதி வயிற்றுக்குப் பரவியிருந்தன. படகைப் பழுது பார்த்த பெருந்துறைப் பட்டறைக்காரர் சுப்பண்ணனுக்கு அன்புச்செல்வி போன் போட்டார்.

"ஒழுகலையான்னு எப்படிங்கண்ணா பாத்தீங்க?"

"டேங்குக்குப் பாக்கற மாதிரித்தானுங்க. இருவது வருசமாத் தண்ணி டேங்குதான் செய்யறமுங்க. விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பி ரெண்டு நாள் உட்டுப்போட்டோம். ஒரு சொட்டு வெளிய வரலைங்க." குரலில் பெருமை இருந்தது.

"வெளிய வரலைங்க. உள்ள எங்க போச்சு?"

மிதப்பதற்காகப் படகின் தரைப்பலகைக்கு அடியில் நுரை அடைத்திருப்பார்கள். பலகையின் திருகாணித் துளைகள் வழியாக இறங்கிய நீரை அந்த நுரை இரண்டு நாளும் குடித்திருக்கிறது. மேலே நின்றதை இறைத்துத் துடைத்துவிட்டு, தொள்ளாயிரம் கிலோ என்று பழைய எடையையே சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

உடைந்த படகை அப்படியே எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொன்னார் அன்புச்செல்வி. ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ காட்டியது.

மறுநாள் சுப்பண்ணன் நேரில் வந்தார். "நாந்தான் செஞ்சுபோட்டேன்னு எழுதிக்குங்க அம்மணி. கிரேன்காரரு சீட்டை நம்பித்தான் தூக்குனாரு." எடைச்சீட்டின் நகலில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ரிப்போர்ட் பதினான்கு பக்கம் வந்தது. பதினோராம் பக்கத்தில் ராசப்பனைப் பற்றி மூன்று வாக்கியங்கள். தவறான எடைக்கு அவர் பொறுப்பல்ல. கிரேனின் கையை முழுதாக நீட்டுவதற்கு முன்னால் சுமையை நிறுத்திப் பார்க்காதது அவர் குறை. கிரேன் சாயத் தொடங்கியபின், ஒன்பது பேர் நின்றிருந்த துறையைத் தவிர்த்து, ஆளில்லாத கல்படியில் இறக்கியதால் ஒருவருக்கும் காயமில்லை. நடு வாக்கியத்தை அன்புச்செல்வி ஒருமுறை அழித்தார். காலையில் திரும்ப எழுதினார்.

முதலாளிக்குச் சேர வேண்டிய நகலை வாங்க ராசப்பனே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நம்ம மேல எதாச்சும் இருக்குதுங்களா?"

"கொஞ்சம் இருக்குதுங்கண்ணா. மீதியெல்லாம் தண்ணி மேல."

ராசப்பன் தலையை ஆட்டினார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கவரின் மேல் முதலாளி பெயர். முதலாளி மட்டுமே பிரிக்க வேண்டும் என்பதற்காக வாயை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் முறை. அன்புச்செல்வி பதினோராம் பக்கத்தின் ஓரத்தை மடித்து, பசைப்புட்டியைத் திறக்காமல் தள்ளி வைத்துவிட்டு, வாய் திறந்த கவரை இரண்டு கையாலும் நீட்டினார்.