சுவர் தாண்டி வந்த கடிதம்

நீடாமங்கலத்தில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் ஆறு வருடம் டைப் அடித்தேன். இரண்டே அறைகள். பின்னறையில் என் கம்ப்யூட்டர்; முன்னறையில் முதலாளியின் மேசையும் பிரிண்டரும். இரண்டு அறைக்கும் இடைப்பட்ட படியைத் தாண்டி, கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இணைக்கும் ஒரு நீல வயர் ஓடும். குறுவை அறுப்பு முடிந்து, நிலம் கைமாறும் நாட்களில் கூட்டம் நெரியும். அப்படி ஒரு காலையில் முதலாளி அந்த வயரில் கால் தடுக்கி விழுந்து, எழுதுகிற கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டார்.

மறுவாரமே வைஃபை வந்துவிட்டது.

"காத்துல போற பத்திரத்த ரோட்ல போறவன் படிச்சுட மாட்டானாம்மா?" என்று கேட்டார் முதலாளி.

"பாஸ்வேர்ட் இருந்தா வெளியாளு உள்ளயே வர முடியாது சார்" என்று சொல்லி, வைஃபை பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த பாஸ்வேர்டை மாற்றினேன்.

வைஃபை பெட்டியை முதலில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இரும்பும் அந்தக் காலத்துத் தடித்த சுவரும் மறித்ததில் பின்னறைக்கு ஒரு கோடு சிக்னல்தான் வந்தது. இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவுக்கு மேலே பலகை அடித்து, பெட்டியை அங்கே ஏற்றினேன். கோடுகள் நிரம்பின. கொல்லைப்புறம் ஒட்டியிருந்த முதலாளி வீட்டுக்கும் சிக்னல் போனது. நர்சிங் முடித்திருந்த அவர் மகள் வந்து, "பாஸ்வேர்ட் சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன்.

ஒரு நாள் மதியம், யாரும் எதுவும் கொடுக்காமலே பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. முதலாளி எடுத்துப் படித்தார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு வரச் சம்மதம் என்று மகள் எழுதிய கடிதம். வீட்டில், இதே வைஃபையில் இருந்த லேப்டாப்பில் சேமிப்பதற்குப் பதிலாக அச்சிட அழுத்திவிட்டிருக்கிறாள். அவருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"வேலை தேடுதுன்னு தெரியும் சார். கிடைச்சது தெரியாது."

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் நிலத்தின் நான்கெல்லையை விசாரிக்கத் தொடங்கினார். பாஸ்வேர்டைக் கொடுத்தவள் நான்தானே என்று நினைத்தபடி பின்னறைக்குத் திரும்பினேன். கூட்டம் கலைந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மகளோடு வந்தார். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"இதுல நம்ம ஊர்ப் பேர தப்பா அடிச்சிருக்கு பாரு. சரி பண்ணி நல்ல பேப்பர்ல ஒண்ணு எடும்மா" என்றார்.

அவள் வெளிநாடு போன பிறகு தினமும் மாலையில் கூப்பிடுவாள். வீடியோ கால் அவருக்கு நான்தான் போட்டுக் கொடுப்பேன். வயலுக்குத் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாச்சா என்று அவள் கேட்பாள். "நீ சாப்டியா, அதச் சொல்லு மொதல்ல" என்று அவர் போனுக்குள் கத்துவார். சத்தமாகப் பேசினால்தான் அவ்வளவு தூரம் கேட்கும் என்று கடைசிவரை நம்பினார்.

கல்யாணமாகி நான் பூதலூர் வந்து பல வருடமாகிறது. இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன், எல்லா அறையிலும் சிக்னல். ஆனாலும் பின்னறையில் டைப் அடித்தபடியே அவர்கள் இருவரின் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாலைகளுக்காக மனம் இன்னமும் ஏங்குகிறது.