நான் போட்ட ஓட்டை

குழாய்க்கிணறு தோண்டுகிறவனுக்கு மண்ணுக்கு மேலே கிடைக்கும் நல்ல பெயர் உடனே கிடைத்துவிடும். மண்ணுக்கு அடியில் என்ன செய்து வைத்தான் என்பது தெரியத்தான் வருடங்கள் ஆகும். தண்ணீர் வெட்டு என்றால் வாளியோடு தண்ணீர் லோரிக்குப் பின்னால் ஓடியிருக்கும் உங்களுக்கு என்னைத் திட்ட முழு உரிமை உண்டு.

இன்னும் கொஞ்சம் ஆழம்

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சரோஜா அக்கா வீட்டுப் பின்புறம் நான் போட்ட கிணற்றுத் தண்ணீரில் இனிப்பாக ஒரு நெடி. வேலிக்கு அந்தப் பக்கம், இரும்புச் சாமான்களுக்கு எண்ணெய்ப் பிசுக்கு எடுத்த தொழிற்சாலை மூடிக்கிடந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. கெட்ட தண்ணீருக்கு எங்களிடம் ஒரே வைத்தியம்தான்: இன்னும் ஆழமாகப் போ. களிமண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கினேன். நெடி போய்விட்டது. அக்கா ஒரு செம்பு குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மினரல் வாட்டர் தோத்துச்சு லா, தம்பி!”

மிதக்காத அழுக்கு

சில வருடம் கழித்து, அதே தொழிற்சாலை நிலத்தைச் சுத்தம் செய்ய வந்த கம்பெனியில் எனக்கு வேலை. முதல் நாள், சோதனைக்காக மண்ணில் இறக்கிய குழாயின் மேல் தண்ணீரை அள்ளி, எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தேன். எஞ்சினியர் கவிதா, ரவாங் ஊர்ப் பிள்ளை, சிரித்துவிட்டது. பிசுக்கு எடுக்கும் அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமாம். மிதக்காது, கீழே போய்க் களிமண் மேல் உட்கார்ந்துகொள்ளுமாம். களிமண்ணில் ஓட்டை விழுந்தால் அதன் வழியே நல்ல தண்ணீரில் இறங்கிவிடும். கொஞ்சமாகக் கலந்தால் மணமும் தெரியாது. “யாராவது ஓட்டை போட்டிருந்தால்?” என்று கேட்டேன்.

“எந்த மடையன் அங்கிள் அங்க போய் ஓட்ட போடுவான்?”

சிமெண்டு

அன்றே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமும் அக்கா அந்தத் தண்ணீரில்தான் சோறு வடித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் சொன்னேன். அடித் தண்ணீரைச் சோதித்தார்கள், அந்தத் திரவம் அதில் இறங்கியிருந்தது. கிணற்றில் சிமெண்டு ஊற்றி மூடவும் நானே போனேன். துளைத்தது நான்தான் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“தண்ணி கட்டாகும்போதெல்லாம் இந்த லயமே இங்கதான் வந்து பிடிச்சிச்சு. தம்பி போட்ட கிணறு, பயப்படாம குடிங்கன்னு நான்தானே குடுத்தேன். இனி அவங்க மூஞ்சில எப்படிப்பா முழிப்பேன்?”

நான் ஒரு மத்தியானத்தில் கீழே இறக்கிவிட்டதை மேலே எடுக்கப் பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது; ஆழ்ந்த அனுபவம் உள்ளவன் என்று என்னையே அதற்குக் காவல் வைத்திருக்கிறார்கள்.