இரண்டு தாளிலும் ஒரே எண்

1. மொட்டை மாடி டியூட்டி

டெஸ்பாட்ச் செக்ஷனில் கவருக்கு நம்பர் போட்டே பதினாறு வருஷம் ஓட்டியவள் நான். வலசை வரும் கழுகு, பருந்துகளை எண்ண ஆள் வேண்டும் என்று சர்க்குலர் வந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பறவை மேல் பாசமெல்லாம் இல்லை. இரண்டு மாசம் செக்ஷன் ஆபீசர் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்றுதான்.

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் ஆபீஸ் மொட்டை மாடிதான் எண்ணும் இடம். அக்டோபர், நவம்பர் இரண்டு மாசமும் காலை பத்திலிருந்து மூன்று மணி வரை. பொறுப்பாளர் வசந்தா மேடம், விஞ்ஞானி. சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வட்டம் போடும்போது எண்ணாதீங்க, ஒரே பறவையை நாலு தடவை எண்ணிடுவீங்க. உயரம் பிடிச்சதும் வட்டத்தை விட்டு வரிசையா கிளம்பும். மலை மந்திர் கோபுரத்துக்கும் அந்த மொபைல் டவருக்கும் நடுவுல ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்குங்க. அதைத் தாண்டினாத்தான் கிளிக்."

கிளிக் என்றது, உள்ளங்கைக்குள் அடங்கும் கிளிக்கரை. கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும். எப்போதும் இரண்டு பேர் எண்ண வேண்டும். ஆளுக்கொரு கிளிக்கர், ஆளுக்கொரு தாள். மூன்று மணிக்குத் தாளைக் கவரில் போட்டு ஒட்டும்வரை எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

2. அண்ணாச்சியின் கண்

எனக்கு ஜோடியாக வந்தவர் மாணிக்கம் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், ஏர்ஃபோர்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜனக்புரியிலிருந்து பஸ் மாறி வருவார். நான் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "அந்தா, ஸ்டெப்பி கழுகு, சின்ன வயசு. றெக்கைக்கு நடுவுல வெள்ளைப் பட்டை தெரியுது பாத்தியா?" என்பார். எனக்கு ஒரு புள்ளிகூடத் தெரியாது.

கவரை ஒட்டிய பிறகு தினமும் சண்டை. ஒரு நாள் அவர் தாளில் எண்பத்து மூன்று, என் தாளில் எழுபத்தொன்பது. "அந்த நாலும் எங்க போச்சு தாயி? சோத்து டப்பாவத் தொறந்தியே, அப்பதான் போயிருக்கும்." என் புளியோதரைதான் டில்லியின் பருந்துக் கணக்கையே கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அந்த மாடியில் சிரித்த மாதிரி நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

வருஷா வருஷம் இப்படியே போனது. ஆறாவது பருவத்தில் அவர் அடிக்கடி, "இன்னைக்கு ஸ்மாக் ஜாஸ்தி" என்று சொல்ல ஆரம்பித்தார். அக்டோபர் கடைசியில் டில்லியில் புகைமூட்டம் என்று யார் சொன்னாலும் நம்பிவிடலாம். ஒரு நாள் ராத்திரி மழை பெய்து, காலையில் வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. கோபுரத்துக்கு மேலே பதினைந்து பூனைப்பருந்துகள் வரிசையாகப் போகின்றன. அண்ணாச்சி வேறு திசையைப் பார்த்துக்கொண்டு, "சே, என்ன ஸ்மாக்!" என்றார்.

அவருக்குக் கண் தெரியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மேடத்திடம் சொன்னால் அவரை மாடியை விட்டு இறக்கிவிடுவார்கள். மனைவி போன பிறகு அவருக்கு இந்த இரண்டு மாசம்தான் பண்டிகை. நான் வாயைத் திறந்தேன், ஆனால் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. "பதினாலு... பதினஞ்சு..." என்று எனக்கு நானே எண்ணிக்கொள்வதுபோல முணுமுணுத்தேன். பக்கத்தில் அவர் கிளிக்கரும் சத்தம் போட்டது.

அன்றிலிருந்து தினமும் முணுமுணுத்தேன். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பேசவே இல்லை. கவரை ஒட்டிய பிறகு வரும் சண்டையும் நின்றுபோனது.

3. மேடம் பிரித்த கவர்கள்

நவம்பர் நடுவில் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜை மேல் கவர்களெல்லாம் பிரித்துக் கிடந்தன.

"ரெண்டு பேர் ஒரே வானத்தை எண்ணினா ரெண்டு நம்பர்தான் வரும். அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் எவ்வளவு தப்பவிட்டிருப்போம்னு நான் கணக்கே போடறேன். உங்களுக்குப் பதினெட்டு நாளா ஒரு பறவைகூட வித்தியாசம் இல்லை. யாரு யாரைப் பார்த்து எழுதறீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம்! அறிவுள்ளவர்கள் என்றால் இரண்டு மூன்று மாற்றியாவது எழுதியிருப்போம். மேடத்தின் பார்வை என் மேல்தான் இருந்தது. அண்ணாச்சியின் கண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

"நான்தான் மேடம், அவரைப் பார்த்து எழுதினேன்" என்றேன்.

"பொய் சொல்லுதா" என்றார் அண்ணாச்சி. "எனக்குத்தான் மேடம் கண்ணு தெரியல. டவரே ரெண்டாத் தெரியுது. இவ எண்ணுததக் கேட்டுத்தான் கிளிக் பண்ணிட்டிருந்தேன்."

மேடம் கோபப்படவில்லை. சிவப்பு மையில் அந்தப் பதினெட்டு நாள் தாள்களிலும் 'பயன்படாது' என்று எழுதி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு பறவைகளும் வராதது மாதிரியே ஆகிவிட்டது.

மாடிப்படியில் அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமலே பேசினார். "மொத நாளே நீ மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா, ஒன்ன நல்லா ஏசியிருப்பேன். ஆனா மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். நீ எண்ணிக் குடுக்கவும், எனக்கு ஒண்ணும் இல்லன்னு நானே நம்பிட்டேன் தாயி."

வலது கண்ணில் புரை. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இடது கண்ணின் பார்வையைக் கண்ணுக்குள் ஏறிய பிரஷர் தின்றுகொண்டிருந்திருக்கிறது. சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பார்வையை மிச்சம் பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சத்தில் என் முணுமுணுப்புக்கும் பங்கு உண்டு. இன்றுவரை எனக்கு அது வலிக்கிறது.

இப்போது மாடிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், அன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஏச்சு வாங்கினால் பரவாயில்லை.

அடுத்த அக்டோபரில் மேடமே அவரைத் திரும்பக் கூப்பிட்டார். ஒற்றைக் கண்ணோடு வந்து, எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். மூன்று மணிக்குக் கவரை ஒட்டினோம். எனக்கு அறுபத்திரண்டு.

"எனக்கு அம்பத்தேழு" என்றார். "அஞ்சு ஜாஸ்தி போட்டிருக்க. காக்காயவா எண்ணின?"

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியலை அண்ணாச்சி" என்று முகத்துக்கு நேராகக் கத்தினேன். இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனோம்.