பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

போன வாரம் ஆயுத பூஜை. சின்னாளபட்டியில் நண்பன் முருகேசன் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, மாலை. அவற்றுக்கு நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கும் பொட்டு, அதற்கும் மாலை. மாலை கொஞ்சம் சரிந்திருந்தது. நேராக்கலாமே என்று கையை நீட்டினேன்...

"அண்ணே, கையை எடுங்க!"

முருகேசனின் மனைவி நாகலட்சுமி. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். முருகேசன் சிரித்தான். தறிக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காது சூடானது. ஏனென்றால் இதே அறையில், இதே கம்ப்யூட்டர் முன்னால், எட்டு மாதத்துக்கு முன்பு இதே வார்த்தையை ஒரு வக்கீலம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லாமல் எனக்கு இந்த வாரம் வேறு எதுவும் எழுத ஓடாது. என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

முருகேசன் என்னோடு பள்ளியில் படித்தவன். ஆறு தறி வைத்திருக்கிறான். தறியும் ஆட்களும் அவன் பொறுப்பு, டிசைன் நாகலட்சுமி. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார். அதைப் பார்த்து அட்டைகளில் துளை அடித்து, அந்த அட்டைகளைத் தறியில் கோத்துவிட்டால், நூல் அதன்படி ஏறி இறங்கி சேலையில் பூவும் கொடியும் வந்துவிடும்.

சிறுமலை அடிவாரத் தோட்டங்களில் தொங்கும் பன்னீர் திராட்சையைப் பார்த்து ஒரு பார்டர் போட்டார். கொடி, இலை, குலை. ஒவ்வொரு குலையிலும் ஒரே ஒரு பழம் மட்டும் பழுக்காமல் பச்சையாக இருக்கும்.

"எல்லாம் ஒண்ணுபோல பழுத்திருந்தா பொய்யா இருக்கும்ணே" என்றார். என்ன கண் பாருங்கள்!

போன வருஷம் ஆடி மாதம் அது. ஒரு பெரிய ஜவுளிக் கடை — பெயர் வேண்டாம் — அதன் கொள்முதல் ஆள் வந்து பார்த்தார். அசந்துபோனார். முதலாளியிடம் காட்ட வேண்டும், ஃபைலைக் கொடுங்கள், பெரிய ஆர்டர் வரும் என்றார். நாகலட்சுமி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அட்டையும் அடித்துத் தயாராக வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு சேலைகூட நெய்யவில்லை. 'அவங்களுக்குன்னு வாக்குக் கொடுத்தாச்சு, வெளியில விடக்கூடாது' என்ற நாணயம்.

ஆர்டர் வரவே இல்லை. தை வரைக்கும் காத்திருந்துவிட்டு, சரி, நாமே நெய்வோம் என்று ஆறு தறியிலும் ஏற்றினார்கள். சேலை கடைகளுக்குப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை... திண்டுக்கல் கோர்ட்டிலிருந்து சம்மன்.

'இந்த டிசைனை எங்கள் டிசைனர் தை மாதம் வரைந்தார். அதை நாகலட்சுமி என்பவர் திருடி நெய்கிறார்.' வழக்குப் போட்டது யார்? அதே ஜவுளிக் கடை! வழக்கு முடிகிறவரை அந்தச் சேலையை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார்கள்.

ஆறு தறியும் நின்றது. ஆனால் நாகலட்சுமி சொல்லிச் சொல்லி அழுதது அதற்காக இல்லை.

"திருடின்னு எழுதியிருக்காங்கண்ணே. டைப் அடிச்சு, சீல் வச்சு எழுதியிருக்காங்க."

உங்கள் பிள்ளையை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போய், நீங்கள்தான் பிள்ளை பிடிக்கிறவர் என்று போலீசில் சொன்னால் எப்படி இருக்கும்?

நிரூபிக்க என்ன இருக்கிறது? அட்டையில் தேதி இருக்காது. அட்டை அடித்தவரும் தறிக்காரர்களும் சாட்சி சொல்வார்கள்; 'எல்லாம் உங்கள் ஆட்கள்தானே' என்று தள்ளிவிடுவார்கள். மிச்சம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரிஜினல் ஃபைல். அது எங்கே?

இங்கேதான் முருகேசன் தலையைக் குனிந்தான்.

ஆயுத பூஜைக்கு நாமெல்லாம் என்ன செய்வோம்? தறியைத் துடைப்போம், வண்டியைக் கழுவுவோம். முருகேசன் ஒரு படி மேலே போகிறவன். கம்ப்யூட்டருக்கு வெளியே துடைத்தால் போதுமா, உள்ளே அழுக்கு இருக்காதா? வருஷா வருஷம் பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் பழைய ஃபைலையெல்லாம் டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணி, ஷட் டவுன் கொடுத்து, அப்புறம்தான் பொட்டு வைப்பான். அந்த வருஷமும் வைத்தான். திராட்சைக் கொடியும் அந்த 'அழுக்கோடு' போய்விட்டது.

மறுநாள் பூஜை, அதற்கு மறுநாள் விஜயதசமி. நல்ல நாளென்று புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். பழையதை மூலையில் வைத்து, ஒரு கழிவுச் சேலையால் போர்த்தினார்கள். பழைய இரும்புக்காரர் வந்து கேட்டபோது நாகலட்சுமி கொடுக்கவில்லை. "பொட்டு வச்ச சாமானை எடைக்குப் போடுறதா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"சுத்தம் பண்ணிட்டேன்னு அன்னைக்குப் பெருமையா வேற சொன்னேன் மாப்ளே" என்றான் முருகேசன். "இப்ப அவ சோறு மட்டும் போடுறா. எங்கூடப் பேசுறதில்லை."

கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன். இருந்தேனே! இன்டர்நெட்டில் தேடி, அழிந்த ஃபைலை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மறுநாளே போய் நின்றேன். போர்வையை விலக்கினேன். ஒயரைச் சொருகினேன். சுவிட்சில் விரலை வைத்தேன்.

"கையை எடுங்க சார்!"

வாசலில் ஒரு அம்மா. கறுப்பு கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார். முருகேசன் அமர்த்தியிருந்த வக்கீல், ஜெசிந்தா. திண்டுக்கல்காரர். பதினைந்து வருஷம் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சராக இருந்து, பிறகு சட்டம் படித்தவர். அந்த அதட்டல் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் புரிந்தது.

"ஆன் பண்ணிட்டீங்களா?"

"இல்லைங்க மேடம்... இப்பத்தான்..."

"மாதா காப்பாத்துனா" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு முருகேசனைப் பார்த்து, "இதுல இருக்கிறது சுத்துற டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?"

"பழசுங்க. போட்டா உர்ருன்னு சத்தம் வரும்."

"நல்லதாப் போச்சு. எஸ்எஸ்டின்னா அழிச்சதை அதுவே கூட்டிப் பெருக்கிரும். உர்ருன்னு சுத்துறது அப்படி இல்லை."

நாகலட்சுமி கதவோரமாக நின்றிருந்தார். "அதான் டெலிட் பண்ணிட்டாரே வக்கீலம்மா. இனிமே எங்க இருக்கப் போவுது?"

அப்போது ஜெசிந்தா சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன்; இம்புட்டுத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

"இங்க பாரும்மா. டெலிட்னா என்ன? அட்டெண்டன்ஸ் நோட்டுல பேரை அடிக்கிறது, அம்புட்டுத்தான். பேரை அடிச்சாச்சு. பையன் எங்க? இன்னும் அதே பெஞ்சுலதான் உக்காந்திருக்கான். புதுசா ஒரு பையன் வந்து அந்த இடத்துல உக்கார்ற வரைக்கும் அவன் எந்திரிக்க மாட்டான். ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணுனாலும் அதே கதைதான்."

"அப்ப ஆன் பண்ணிப் பாத்தா என்ன?" — கேட்டது நான்தான். வேறு யார் கேட்பார்கள்?

"ஆன் பண்ணுனா ஸ்கூல் மணி அடிச்ச மாதிரி சார். திமுதிமுன்னு புதுப் பசங்க உள்ள வருவாங்க. கம்ப்யூட்டர் எந்திரிக்கும்போதே நூறு ஃபைல் எழுதும். எவன் எந்த பெஞ்சுல உக்காருவான்னு உங்களுக்குத் தெரியுமா? போதாததுக்கு, நீங்க கொண்டாந்த சாஃப்ட்வேரை வேற அதுலயே ஏத்தப் பாத்தீங்க. அது இந்தப் பிள்ளையோட திராட்சை மேலயே ஏறி உக்காந்திருந்தா?"

பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முருகேசனுக்குத் துணையாக இன்னொரு குற்றவாளி.

அப்புறம் அவர் செய்த வேலையைப் பாருங்கள். கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்கி, மதுரையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். எதிர்த்தரப்பு வக்கீலையும் கூட்டிவைத்து, எல்லார் கண் முன்னாலும் டிஸ்க்கைக் கழற்றினார்கள். அதை ஒரு சின்னப் பெட்டி வழியாகத்தான் இணைத்தார்கள். படிக்க விடும், ஒரு எழுத்தைக்கூட எழுத விடாது. வெறும் காப்பி-பேஸ்ட் இல்லை. காலி என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும் இடம் உட்பட, டிஸ்க் முழுவதையும் பிட் பிட்டாக அச்சு அசலாக ஒரு நகல் எடுத்தார்கள். ஒரிஜினலுக்கு சீல். தேடியதெல்லாம் நகலில்.

திராட்சைக் கொடி இருந்தது. முழுசாக இருந்தது.

அடுத்த வாய்தாவுக்கு நானும் கோர்ட்டுக்குப் போனேன். ஜெசிந்தா இரண்டு தாள்களை நீட்டினார்.

"ஐயா, எலக்ட்ரானிக் ஃபைலைச் சாட்சியமாக் குடுத்தா, சான்றிதழ்ல அதோட ஹேஷ் வேல்யூ எழுதணும். ஃபைல் முழுசையும் கணக்குப் போட்டு எடுக்கிற நம்பர் அது. டிசைன்ல ஒரு புள்ளி மாறுனாக்கூட மொத்த நம்பரும் மாறிரும். முதல் தாள்ல இருக்கிறது எதிர்த்தரப்பு தங்களோட ஃபைலுக்கு அவங்களே எழுதிக் குடுத்த நம்பர். ரெண்டாவது, நாகலட்சுமியோட பழைய டிஸ்க்ல கெடச்ச ஃபைலோட நம்பர்."

அறுபத்து நான்கு எழுத்து. ஜட்ஜ் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தாளிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

"ரெண்டும் ஒண்ணாண்ணே?" என்று நாகலட்சுமி என் காதில் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். "ஒரே ஃபைல்னா, எங்ககிட்டருந்து இவங்க எடுத்தாங்கன்னும் சொல்லலாமே? எப்ப வந்ததுன்னு எப்படித் தெரியும்?"

"எப்ப ஆன் ஆச்சு, எப்ப அணைஞ்சதுன்னு அந்தக் கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கிற குறிப்பேடு சொல்லுது. கடைசியா அது அணைஞ்சது போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அதை யாரும் ஆன் பண்ணலை. உள்ள இருக்கிற எல்லாமே ஆயுத பூஜைக்கு முந்துனது. தை மாசம் வரைஞ்ச படம் அதுக்குள்ள எப்படிப் போகும்?"

"கம்ப்யூட்டர் கடிகாரத்தை யார் வேணும்னாலும் திருப்பி வைக்கலாம்!"

"வைக்கலாம். ஆனா திருப்பி வச்சாங்கன்னு அந்தக் குறிப்பேட்டுலயே பதிஞ்சிரும். அப்படி ஒரு பதிவும் இல்லைன்னு நிபுணர் அறிக்கை, மூணாவது பக்கம்."

ஜட்ஜ் மூன்றாவது பக்கத்தைப் புரட்டினார். நான் பெஞ்ச் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்று அந்தச் சுவிட்சைப் போட்டிருந்தேன் என்றால்? 'கடைசியாக ஆன் ஆனது மாசி மாதம்' என்று எழுதியிருக்கும். என் ஒரு விரல், அந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்கத் திருடியாக்கியிருக்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஃபைலை அழித்தது ஆயுத பூஜை. அதைக் காப்பாற்றியதும் அதே பூஜைதான். பொட்டு வைத்ததால்தானே யாரும் தொடவில்லை? பொட்டு வைத்ததால்தானே எடைக்குப் போகவில்லை?

தடை அன்றே நீங்கியது. அடுத்த வாய்தாவுக்குள் கடைக்காரர்கள் வழக்கையே வாபஸ் வாங்கினார்கள். டிசைன் நாகலட்சுமியுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஜெசிந்தா விடவில்லை. டைப் அடித்து, சீல் வைத்து.

எத்தனையோ வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்துகிறவர்கள், மேஜையைத் தட்டுகிறவர்கள். இந்த அம்மா கோர்ட்டில் ஒரு இடத்திலும் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டது ஒரே ஒரு தடவை, என்னிடம். அந்தச் சத்தத்துக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

சரி, போன வார பூஜைக்கு வருவோம். ஜெசிந்தாவும் வந்திருந்தார், திராட்சைக் கொடிச் சேலையில். ஆறு தறியிலும் தீபாவளிக்கு அதே பார்டர்தான் ஓடுகிறது. பூஜைக்கு நேரமாகிவிட்டதென்று முருகேசன் ஈரத்துணியோடு புதுக் கம்ப்யூட்டர் பக்கம் போனான். பழக்க தோஷம்... சுவிட்சைத் தேடினான்.

நாகலட்சுமி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"மேலாப்புல மட்டும் தொடைங்க. உள்ள இருக்கிற அழுக்கு அம்புட்டும் எனக்கு வேணும்."